மைனஸ் 15 டிகிரி குளிரில் அப்பா செய்த தொட்டில்!

நம் ஊரில் கார் நிறுத்த வாசலில் ஒரு தகரக் கூரை போதும். கனடாவில் அது வீட்டோடு ஒட்டிய ஓர் அறை. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழர்கள் வாழும் பல வீடுகளில் கார் வெளியே பனியில் நிற்கும். உள்ளே அரிசி மூட்டையும், விசேஷத்துக்குச் சமைக்கும் பெரிய சட்டிகளும், மடக்குக் கதிரைகளும், பனி தள்ளும் மண்வாரியும் இருக்கும். இலங்கைத் தமிழர்கள் அதைக் 'கராஜ்' என்பார்கள். அப்படி ஒரு கராஜில்தான் அந்த வீட்டு அப்பாவின் தச்சுப் பட்டறையும் இருந்தது.

அவருக்கு வயது 66. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில், தகப்பனாரின் பட்டறையில் மரத்தூளுக்கு நடுவே வளர்ந்தவர். 1989-ல் கனடா வந்தார். 29 வருடங்கள் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். கையில் இருந்த தொழிலை அத்தனை வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளுக்காக மட்டும் வைத்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகுதான் உளியும் சீவுளியும் மறுபடி தினசரி கைக்கு வந்தன. ஆனால், அதுவும் சித்திரையிலிருந்து ஐப்பசி வரைதான். கார்த்திகை பிறந்தால் கராஜ் ஐஸ்பெட்டி. அடுத்த ஐந்து மாதம் அவர் சோபாவில் உட்கார்ந்து, யூடியூபில் யாரோ மரம் இழைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மழைக்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து வானம் பார்க்கும் விவசாயியின் முகம் அது.

அந்த வருடம் மட்டும் அவரால் காத்திருக்க முடியவில்லை. மகளுக்கு முதல் குழந்தை. பங்குனிக் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார். மகளும் மருமகனும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். தாத்தா ஆகப்போகிறவர் மேப்பிள் பலகைகளை வாங்கி வந்து இறக்கினார். தொட்டில் செய்யப்போகிறாராம்.

"கடையில வாங்கலாம்தானே அப்பா?" என்றாள் மகள்.

"உன்ர தொட்டிலை என்ர அப்பா செய்தவர். அதை அங்கயே விட்டுட்டு வந்திட்டம். இதை நான் செய்யிறன் பிள்ளை" என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

தை மாதம். வெளியே மைனஸ் 15. கராஜுக்குள் மைனஸ் 4. உடம்புக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம். மரத்துக்கும் பசைக்கும் என்ன போடுவது? தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையும் மஞ்சள் பசையும் ஏறத்தாழ 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் சரியாகப் பிடிக்கும். அதற்குக் கீழே போனால், காய்ந்ததுபோலத் தெரியும். ஆனால் மூட்டுக்குள் சுண்ணாம்புப் பொடிபோல வெளுத்துக் கிடக்கும். கையால் அசைத்தால் கழன்று வந்துவிடும். அவர் இறக்கிய முதல் கழுந்து அப்படித்தான் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. தொட்டிலில் அது எத்தனை ஆபத்து என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அவர் ஒரு புரோப்பேன் ஹீட்டர் கொண்டுவந்தார். கேஸ் சிலிண்டரின் தலையில் மாட்டும் அடுப்பு. கட்டட வேலை நடக்கும் இடங்களில், திறந்த வெளியில் வைப்பார்கள். நண்பர் ஒருவரிடம் இரவலாக வாங்கியது. 'வெளியில் மட்டும்' என்று ஒட்டியிருந்த எச்சரிக்கை பாதி கிழிந்திருந்தது. கராஜின் பெரிய கதவை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி வைத்தால் காற்றோட்டத்துக்குப் போதும் என்று நினைத்தார். இருபது நிமிடத்தில் அறை சூடானது. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வேலை செய்தார். "சொர்க்கம் மாதிரி இருக்குதடா" என்று அந்த நண்பருக்கு ஃபோன் போட்டுச் சொன்னார்.

அந்தக் கராஜுக்கு நேர் மேலேதான் மகளின் படுக்கையறை.

தலைவலி என்று நினைத்தது

முதல் நாள் இரவு மகளுக்குத் தலைவலி. லேசான குமட்டல். ஏழாவது மாதம் முடியப்போகிறது. தலைவலியும் குமட்டலும் யாருக்குத்தான் வராது? அம்மா கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தார். மறுநாள் மாலை அப்பா மறுபடி ஹீட்டரைப் பற்றவைத்தார். இரவு எட்டரை மணிக்கு, மாடி நடையில் சுவரில் மாட்டியிருந்த சின்ன வெள்ளைப் பெட்டி அலறத் தொடங்கியது.

சமையல் புகை என்று நினைத்து அம்மா முதலில் துண்டால் விசிறினார். மருமகன்தான் பெட்டியில் ஒளிர்ந்த எழுத்தைப் படித்தார். அது புகை அலாரம் அல்ல, கார்பன் மோனாக்சைடு அலாரம். "மாமா, எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு வெளிய வாங்கோ!" என்று கத்திக்கொண்டே மனைவியைப் போர்வையோடு வாசலுக்கு அழைத்து வந்தார். நான்கு பேரும் பனியில் நின்று 911-க்கு அழைத்தார்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. கரியோ, விறகோ, கேஸோ, பெட்ரோலோ, எது எரிந்தாலும் போதிய ஆக்சிஜன் கிடைக்காதபோது இது அதிகமாக உருவாகும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். மூச்சு நடந்துகொண்டே இருக்கும். உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. கருவில் இருக்கும் குழந்தையின் ரத்தம் இந்த வாயுவை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து வெளியேறவும் தாயைவிட அதிக நேரம் எடுக்கும்.

கராஜில் இருந்த வாயு மாடிக்கு எப்படிப் போனது? குளிர்காலத்தில் சூடாக்கப்பட்ட வீடு ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். சூடான காற்று மேலே ஏறி, கூரை இடுக்குகள் வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, கீழே கிடைக்கும் ஓட்டைகளிலிருந்தெல்லாம் வீடு காற்றை உறிஞ்சும். கராஜின் கூரை இடுக்கு, மின்வயர் போகும் துளை, வீட்டுக்குள் வரும் கதவின் கீழ்ச்சந்து, எல்லாமே அதற்கு வழி. பெரிய கதவைச் சாண் அளவு தூக்கி வைத்தது காற்றை வெளியே தள்ளவில்லை. வெளிக்காற்று உள்ளே வந்து, கராஜ் காற்றை வீட்டுக்குள் தள்ளியிருக்கவும் கூடும்.

ஒண்டாரியோ மாகாணத்தில் அந்த வெள்ளைப் பெட்டி சுவரில் இருப்பதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் மரணம் இருக்கிறது. 2008-ல் வூட்ஸ்டாக் நகரில், லோரி ஹாக்கின்ஸ் என்ற போலீஸ் அதிகாரியும் அவர் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இந்த வாயுவால் இறந்தார்கள். வீட்டின் கேஸ் கணப்பிலிருந்து புகை வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. வீட்டில் இந்த அலாரம் இல்லை. லோரியின் மாமாவான ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஜான் ஜிக்னாக் அதன் பிறகு ஊர் ஊராகப் பேசினார். 2013-ல் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே சட்டம் வந்தது. 2014 அக்டோபரிலிருந்து, எரிபொருள் சாதனமோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அலாரம் கட்டாயம்.

தீயணைப்பு வீரர்கள் கையடக்கக் கருவியோடு உள்ளே போய் வந்தார்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். "யார் கர்ப்பமாக இருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். அவளுக்கு முகமூடியில் ஆக்சிஜன் வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் பட்டி கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பல மணி நேரம் பார்த்தார்கள். விடியும் நேரத்தில் டாக்டர் வந்து, இரண்டு உயிரும் நலம் என்றார்.

அப்பா அந்த இரவு முழுதும் காத்திருப்பு அறையில் இருந்தார். கையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஊதுபத்தி காட்டிய வழி

மறுநாள் ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்தார். அரைகுறையாக நின்ற தொட்டில் சட்டத்தின் மேல் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடினார். உளிகளை எண்ணெய் தடவித் துணியில் சுருட்டிப் பெட்டியில் வைத்தார். பத்து நாள் கராஜ் பக்கமே போகவில்லை. யூடியூபும் பார்க்கவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், ஜன்னல் ஓரம் நின்றார். "இஞ்சருங்கோ, ஒருக்கா வெளிய நடந்துட்டு வாங்கோவன்" என்று அம்மா சொன்னால், "பனி" என்று மட்டும் பதில் வரும்.

பதினோராவது நாள் மகள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"தொட்டில் எப்ப முடியும் அப்பா?"

"கடையில வாங்குவம் பிள்ளை. எனக்கு அந்த வேலை வேண்டாம்."

"எனக்கு வேணும். நெருப்பு வேண்டாம், அவ்வளவுதான். குளிர் எந்த வழியால வருது எண்டு நாங்கள் இன்னும் பாக்கவே இல்லையே. அதை முதல்ல பாப்பம்."

அன்று மாலை நல்ல காற்று. அம்மா சாமியறையிலிருந்து ஊதுபத்தி எடுத்து வந்தார். மருமகன் டார்ச் பிடித்தார். மரத்தூளைக் கூட்டி அள்ளிவிட்டு, கராஜ் சுவரை ஒட்டி ஊதுபத்தியை மெதுவாக நகர்த்தினார்கள். இடுக்கு இல்லாத இடத்தில் புகை நேராக எழும். இடுக்கு இருந்தால் வளையும். பெரிய கதவின் இரண்டு ஓரங்களிலும் வளைந்தது. கதவின் அடியில், ரப்பர் காய்ந்து வெடித்த இடத்தில், கங்கே சிவந்து எரிந்தது. வயர் துளைகளில் வளைந்தது. கூரையும் சுவரும் சேரும் மூலையில் புகை மேலே உறிஞ்சப்பட்டு மறைந்தது. அதற்கு மேலே மகளின் கட்டில். அப்பா அந்த மூலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார். பத்து நாளுக்குப் பிறகு பென்சில் எடுத்த முதல் தடவை அது.

மொத்தம் 23 வட்டங்கள். முதல் வேலை, வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவில் இருந்த வட்டங்களை அடைப்பது. கூரை மூலையிலும் வயர் துளைகளிலும் நெருப்பைத் தாங்கும் வகைப் பூச்சு போட்டார்கள். வீட்டுக்குள் வரும் கதவைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டினார்கள். அந்தக் கதவு வாயு புகாதபடி இறுக மூட வேண்டும், தானாக மூடிக்கொள்ளவும் வேண்டும் என்பது கனடாவின் கட்டட விதி. அந்த வீட்டில் கதவின் ஸ்பிரிங் எப்போதோ உடைந்து, அரிசி மூட்டை முட்டுக்கொடுத்துத் திறந்தே கிடந்தது. புது ஸ்பிரிங் மாட்டினார்கள். அரிசி மூட்டை இடம் மாறியது.

அடுத்தது பெரிய கதவு. 8 அடி அகலம், 7 அடி உயரம், வெறும் இரும்புத் தகடு. மருமகன் கணக்குப் போட்டுக் காட்டினார். வெளியே மைனஸ் 10, உள்ளே 12 டிகிரி என்றால் அந்தத் தகடு வழியாக மட்டும் ஏறத்தாழ 650 வாட் வெப்பம் போகும். அதே கதவுக்குள் இரண்டு அங்குல நுரைப் பலகை வைத்தால் அது 100 வாட்டுக்கும் கீழே இறங்கும். வெற்று நுரை சீக்கிரம் தீப்பிடிக்கும். அதனால் தீத்தடுப்பு மேலுறையோடு வரும் பலகைகளாகப் பார்த்து வாங்கினார்கள். பலகை ஏறியதும் கதவின் எடை கூடும். கதவைத் தூக்கும் ஸ்பிரிங்கை அதற்கேற்ப முறுக்க வேண்டும். அந்த ஸ்பிரிங் கைதவறித் தெறித்தால் எலும்பை முறிக்கும். அதற்கு மட்டும் ஆள் கூப்பிட்டார்கள்.

கான்கிரீட் தரை பாதத்தின் வழியாகவே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பட்டறை மேசைக்கு முன்னால், நிற்கும் இடத்தில் மட்டும் தடித்த ரப்பர் பாய் போட்டார்கள். மொத்தக் கராஜையும் வீடுபோலச் சூடாக்க வேண்டும் என்ற எண்ணத்தை அத்தோடு விட்டார்கள். மனிதர் நிற்கும் இடமும், பசை காயும் இடமும் சூடாக இருந்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகுதான் ஹீட்டர் பற்றிய பேச்சு வந்தது. பிளக்கில் செருகும் சாதாரண ஹீட்டர் 1,500 வாட். கனடாவின் 120 வோல்ட் மின்சாரத்தில் அது 12.5 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் ரம்பத்தையும் ஓட்டினால் பிரேக்கர் விழும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் வயரே சூடாகும். அதனால் கராஜுக்கென்றே செய்த 5,000 வாட் மின் ஹீட்டர். அதற்குத் தனியாக 240 வோல்ட் லைன், 30 ஆம்பியர் பிரேக்கர். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வந்து, மாகாணத்தின் மின் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்து, கூரையிலிருந்து தொங்கும்படி மாட்டிக்கொடுத்தார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; தரையோடு தவழும். அதனால் கராஜில் பொறி கிளப்பக்கூடிய எதையும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழே வைக்கக் கூடாது. பனி தள்ளும் இயந்திரத்தின் பெட்ரோல் கேன், தோட்டத்தில் தனியாக இருக்கும் சின்ன ஷெட்டுக்குப் போனது.

செலவு, அந்த இரவல் ஹீட்டரைவிடப் பல மடங்கு. தினமும் மூன்று மணி நேரம் ஓடினால், நம் ஊர்க் கணக்கில் 15 யூனிட். மாலை ஏழு மணிக்கு மேலும் சனி, ஞாயிறிலும் மின்கட்டணம் குறைவு என்பதால், அப்பாவின் பட்டறை நேரமும் அப்படியே மாறியது. புரோப்பேனைப் பற்றி இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டார். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். அன்று அறை சூடானபோது உளிகளில் முத்து முத்தாக வியர்த்ததும், மறுநாள் துரு ஏறியதும் அதனால்தான். உளி முதலிலேயே சொல்லியிருக்கிறது, அவருக்கு விளங்கவில்லை.

பத்து டிகிரிக்கு மேலே

மாசி முதல் வாரம் வேலை மறுபடி தொடங்கியது. மேசைக்கு மேலே ஒரு தெர்மாமீட்டர். மாடி நடையில் இருப்பதுபோல மகளின் அறைக்குள்ளும் இன்னொரு அலாரம். அப்பாவே வாங்கி வந்து மாட்டி, வாரம் ஒருமுறை பட்டனை அழுத்திச் சோதிப்பார்.

புதுப் பழக்கங்கள் வந்தன. பசைப் புட்டி சமையலறை அலமாரியில், மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் குடியேறியது. அம்மா முணுமுணுத்தார், ஆனால் எடுக்கவில்லை. ஒட்டப்போகும் மரத்துண்டுகளை முதல் நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பார். டிரில்லின் லித்தியம் பேட்டரிகளையும் உள்ளேதான் சார்ஜ் செய்வார். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் அவை கெட்டுவிடும். ஹீட்டரை ஒரு மணி நேரம் முன்னதாகப் போட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போவார். முள் 10-ஐத் தாண்டி 14-ல் நின்றால்தான் பசை மூடியைத் திறப்பார். கிளாம்ப் போட்ட பிறகு, பசை பிடிக்கும்வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரங்களில் மருமகனும் போய் உட்காரத் தொடங்கினார். அதற்கு முன் இருவரும் ஒரே வீட்டில் மூன்று வருடம் இருந்தும், கிரிக்கெட் ஸ்கோரைத் தவிர அதிகம் பேசிக்கொண்டதில்லை.

தொட்டிலின் கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பது கனடா நாட்டு விதி. குழந்தையின் உடம்பு நழுவிச் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அப்பா 5 சென்டிமீட்டருக்கு ஒரு மரக்கட்டை செதுக்கி, ஒவ்வொரு சந்திலும் விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு மூட்டையும் இரண்டு கையாலும் பிடித்து, முழு பலத்தோடு திருகிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

இதெல்லாம் எங்கோ கனடாவில் நடந்த கதை என்று நாம் விட்டுவிட முடியாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிர் தாங்காமல், சமைத்து முடித்த கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமல்போன செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். புகை அடங்கிய கரியில் ஆபத்து இல்லை என்பதுதான் எல்லோரும் செய்யும் தப்புக் கணக்கு. புகை கண்ணுக்குத் தெரியும். இந்த வாயு தெரியாது. குளிர் ஊருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், கூடுதலாக ஒரு கம்பளி எடுத்துப் போகலாம். தூங்கும் அறைக்குள் கரி அடுப்பும் வேண்டாம், கணகணவென்று கிடக்கும் கங்கும் வேண்டாம். ஒரே அறையில் ஒன்றாக இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால், மாத்திரை தேடுவதற்கு முன் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

பங்குனி பிறக்கும் முன்பே தொட்டில் தயார். ஆனால், வீட்டுக்குள் கொண்டுவர அம்மா சம்மதிக்கவில்லை. பிள்ளை பிறக்குமுன்னம் வெறுந்தொட்டில் வீட்டுக்குள் இருக்கக் கூடாதாம், ஆட்டவும் கூடாதாம். விஞ்ஞானம் பேசும் மருமகனும் இதில் வாயைத் திறக்கவில்லை. அதனால், கராஜிலேயே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி வைத்தார்கள். மெருகெண்ணெய் மணம் முழுதாகப் போகவும் அது நல்லதாயிற்று.

பெண் குழந்தை. 31-ஆம் நாள் துடக்குக் கழிவு முடிந்து, அப்பாவும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கித் தொட்டிலைக் கொண்டுவந்தார்கள். நடுவில் அந்தக் கதவு. தானாக மூடும் புது ஸ்பிரிங் இரண்டு முறை தொட்டிலின் காலில் வந்து மோதியது.

"அரிசி மூட்டையை வைக்கட்டே?" என்றார் அம்மா.

"வேண்டாம், வேண்டாம்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மகள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து, தொட்டில் உள்ளே வரும்வரை கதவைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டாள். ரப்பர் பட்டியில் அழுந்தி, சத்தமில்லாமல் கதவு மூடிக்கொண்டது.